உழைப்பை ஏற்று, குடும்பத்தை மறுத்த சட்டங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கா 1882-இல் இயற்றிய சீனர் விலக்குச் சட்டத்தைத் தொழிலாளர் வருகையைத் தடுத்த சட்டம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதுவும் அதன் முன்னும் பின்னும் வந்த சட்டங்களும் கணவன், மனைவி, பிள்ளை என்ற உறவுகளுக்கு நடுவே எப்படிப் புகுந்தன என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

1875-லேயே பேஜ் சட்டம் வந்துவிட்டது. பாலியல் தொழிலுக்காகக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுப்பதே அதன் நோக்கம் என்று கூறப்பட்டாலும், சீனப் பெண்கள் எல்லோரையுமே ஐயத்துடன் நிறுத்தி விசாரித்ததால் மனைவியரின் வருகையே அருகிப்போயிற்று. சியரா நெவாடா மலையைக் குடைந்து இருப்புப்பாதை அமைத்த தலைமுறையின் ஆண்கள் கலிபோர்னியாவில் தனியாகவும், அவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருந்த மனைவியர் தென்சீனாவின் குவாங்டாங் கிராமங்களிலும் முதுமையடைந்தார்கள். 1888-இல் ஸ்காட் சட்டம், ஊருக்குப் போய்த் திரும்புவதற்கென அரசே வழங்கியிருந்த சான்றிதழ்களைச் செல்லாதவை ஆக்கியது. அப்போது வெளியே இருந்த ஏறத்தாழ 20,000 பேருக்குக் கதவு அடைபட்டது. கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கை அரசே மீறியதை நான் சாதாரணமாக எண்ணவில்லை.

1906-இல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் பிறப்புப் பதிவேடுகள் எரிந்தன. தாங்கள் அங்கேயே பிறந்த குடிமக்கள் என்று சொல்ல அது சீனர் பலருக்கு வழி திறந்தது. குடிமகனின் பிள்ளைக்கு உள்ளே வர உரிமை உண்டு என்பதால், உறவில்லாத இளைஞர்களும் மகன்கள் என்று ஆவணத்தில் எழுதப்பட்டார்கள். 'காகித மகன்கள்' என்று அவர்களுக்குப் பெயர். இதைக் கண்டுபிடிக்க, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் குடியேற்ற நிலையம் இருந்த ஏஞ்சல் தீவில் அதிகாரிகள் கேட்ட கேள்விகள் வியப்பூட்டுபவை. வீட்டுக்கு எத்தனை படிகள், அரிசி வைக்கும் இடம் எது, அண்டை வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மகனிடமும் தந்தையிடமும் தனித்தனியே கேட்டு, விடைகள் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பினார்கள். உண்மையான மகன்களும் இதில் தவறினார்கள். உள்ளே வந்தவர்களில் பலர் தம் சொந்தக் குடும்பப் பெயரைப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் வாழ்ந்தார்கள்.

ஜப்பானியர் நிலை சற்றே வேறு. அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட 1907-08 உடன்பாட்டில் தொழிலாளர் வருகை நின்றாலும் மனைவியர் வர முடிந்தது. ஆகவே குடும்பங்கள் உருவாயின. ஆனால் பெற்றோர் குடியுரிமை பெற இயலாத அயலார், அங்கே பிறந்த பிள்ளைகளோ குடிமக்கள். 1913-இல் கலிபோர்னியா இத்தகைய அயலார் நிலம் வாங்குவதைத் தடுத்ததால், பலர் பிள்ளைகளின் பெயரில் நிலம் வாங்கினார்கள். கலிபோர்னியாவில் படித்து, வீட்டில் ஆங்கிலமே பேசி, அமெரிக்க மண்ணில் 20 ஆண்டுகள் வாழ்ந்த தக்காவோ ஓசாவா என்ற ஜப்பானியரின் குடியுரிமைக் கோரிக்கையையும், அவர் வெள்ளையர் அல்லர் என்று கூறி 1922-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

இந்தப் பிளவின் முழுக் கொடுமையும் 1942-க்குப் பிறகு வெளிப்பட்டது. ஜப்பானுடன் போர் மூண்ட நிலையில், அதிபர் ரூஸ்வெல்ட்டின் 9066-ஆம் ஆணையைத் தொடர்ந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களில் பலர், சாண்டா அனிட்டா பந்தயத் திடலின் குதிரை லாயங்களில் தங்க வைக்கப்பட்டார்கள். பொது உணவுக்கூடத்தில் பிள்ளைகள் நண்பர்களோடு உண்ணத் தொடங்க, குடும்பமாக உட்கார்ந்து உண்ணும் வழக்கம் சிதைந்தது.

1943-இல், முகாமில் இருந்தோர் அமெரிக்காவுக்கு விசுவாசமானவர்களா என்று கேட்கும் விசாரணைப் படிவம் வந்தது. அதன் 28-ஆவது கேள்வி, ஜப்பானியப் பேரரசரிடம் கொண்ட பற்றைத் துறக்கச் சொன்னது. அமெரிக்கக் குடியுரிமை மறுக்கப்பட்டிருந்த பெற்றோர் 'ஆம்' என்றால் எந்நாட்டவரும் அல்லாதவராகும் அபாயம் இருந்தது. கேள்வியின் வாசகம் அவர்களுக்காகப் பின்னர் மாற்றப்பட்டது. ஆனால் 'இல்லை' என்று எழுதினால் பிரித்து வேறு முகாமுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில், ஒரே அறைக்குள் தந்தையும் மகனும் வாதிட்டுப் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

குடியுரிமை பெறும் தகுதி ஜப்பானியப் பெற்றோருக்கு 1952-இல்தான் கிடைத்தது. 1988-இல் அரசு மன்னிப்புக் கோரி, அன்று உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு அறிவித்தபோது, நிலத்தையும் கடையையும் இழந்த அந்த முதல் தலைமுறையினரில் பெரும்பாலோர் இறந்துவிட்டிருந்தார்கள்.