முடிவு தெரியாத நாயகி

வணக்கம் நேயர்களே. படத்தில் காதலர் ஒருவர், கணவர் ஒருவர். கடைசியில் யாரோடு போகப் போகிறோம் என்பது நடிக்கிறவருக்கே தெரியாது. 1942-இல் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் இங்ரிட் பெர்க்மன் அந்த நிலையில்தான் இருந்தார். படம், காசாபிளாங்கா.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் நேரம். அமெரிக்காவுக்குத் தப்ப நினைக்கும் கூட்டம் மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில் விசாவுக்காகத் தவம் கிடக்கிறது. அங்கே மதுவிடுதி நடத்துபவர் ரிக், அதாவது ஹம்ப்ரி போகார்ட். பாரிஸில் அவரைக் காதலித்து, ரயில் நிலையத்தில் கொட்டும் மழையில் காக்கவைத்துவிட்டு வராமலே போன இல்சா, இப்போது கணவரோடு அதே விடுதிக்குள் நுழைகிறாள். கணவர் நாஜிகளை எதிர்க்கும் போராளி. நல்ல மனிதர் வேறு. சிக்கலே அதுதான்.

வசனம் அன்றன்றைக்கு எழுதி வந்துகொண்டிருந்தது. நான் யாரைக் காதலிக்கிறேன் என்று பெர்க்மன் கேட்டாராம். எங்களுக்கே இன்னும் தெரியவில்லை, இரண்டுக்கும் நடுவில் நடித்து வையுங்கள் என்றாராம் இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸ். பின்னாளில் பெர்க்மனே சொன்ன கதை இது.

அந்த 'நடுவில்' எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு காட்சி போதும். பியானோக்காரர் சாமிடம் பழைய பாட்டை வாசிக்கச் சொல்கிறாள் இல்சா. மறந்துவிட்டது என்று நழுவுகிறார் அவர். இவளே மெட்டை முணுமுணுத்துக் காட்டுகிறாள். சாம் பாடத் தொடங்கியதும் கேமரா பெர்க்மனின் முகத்தில் போய் நின்றுவிடுகிறது. விம்மல் கிடையாது, முகத்தைத் திருப்பிக்கொள்வது கிடையாது. கண்ணில் ஈரம், அதில் சின்னதாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். நடிப்பென்றால் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று யாராவது என்னிடம் சொன்னால் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன். என் வீட்டாருக்கு அலுத்தே போய்விட்டது!

இந்தப் பாட்டே படத்திலிருந்து போயிருக்க வேண்டியது. ஹெர்மன் ஹுப்ஃபெல்ட் 1931-இல் ஒரு மேடை நாடகத்துக்கு எழுதியது அது. இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டைனருக்கு அது பிடிக்கவில்லை. தானே ஒன்று போடுகிறேன் என்றார். பாட்டை மாற்றினால் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டும். பெர்க்மனோ அதற்குள் ஹெமிங்வே நாவலைப் படமாக்குகிறார்கள் என்று தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு போய்விட்டார். முடி வளரும்வரை யார் காத்திருப்பது? பாட்டு பிழைத்தது. ஸ்டைனரும் அந்த மெட்டையே படம் நெடுக விதவிதமாக இழைத்துவிட்டார். இன்னொன்று, சாமாக நடித்த டூலி வில்சனுக்குப் பியானோ வராது. அவர் டிரம்ஸ் கலைஞர். மறைவில் ஒருவர் வாசிக்க, இவர் விரலை ஓட்டினார்.

மறுபடி அந்த முகத்துக்கே வருகிறேன். விமான நிலையக் காட்சியில்கூட, தொப்பி நிழலுக்குக் கீழே, யாரை விட்டுப் பிரிவதற்கு அந்தக் கண் கலங்குகிறது என்று நம்மால் தீர்த்துச் சொல்ல முடியாது. நடுவில் நடிக்கச் சொன்னார்கள், நடுவிலேயே நின்றுவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பெர்க்மனின் வாழ்க்கையைச் சொல்லத்தான் நிறைய வைத்திருந்தேன். ஓட்டமாகச் சொல்கிறேன்: சிறந்த படத்துக்கான ஆஸ்கார் காசாபிளாங்காவுக்கு, ஆனால் அந்த ஆண்டு பெர்க்மன் பெயர் பரிந்துரையானது முடி வெட்டிக்கொண்ட படத்துக்கு. இத்தாலிய இயக்குநர் ரோசெலினியோடு காதல், 1950-இல் அமெரிக்க செனட்டிலேயே கண்டனம். 1956-இல் வந்த 'அனஸ்தேசியா' இரண்டாவது ஆஸ்காரைக் கொடுத்தது. மூன்றாவதைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.