கீழே ஒரு திசை இருக்கிறது
(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த ஞாயிறு கூட்டமொன்றில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிவிட்டு வந்தீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நல்ல குடிமகன் என்றதும் நமக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும். வெயிலில் வரிசையாக நின்று, வலது கையைத் தூக்கி ருக்குன் நெகாரா சொன்னவர்கள் நாம். மலேசியக் குடிமக்களுக்கென்று 1970இல் வந்த ஐந்து கோட்பாடுகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவோம். கும்பிடவும் தெரியும். புத்தரின் விசாகத் திருநாளுக்கு, 1894இலிருந்து இங்கே இருக்கிற மகா விகாரை என்ற பௌத்தக் கோயிலில் விளக்கேற்றப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

புத்தர் காலத்துச் சிகாலனும் அப்படித்தான். ராஜகிருகத்துப் பையன். விடியற்காலையில் குளித்துவிட்டு, ஈரத் துணியும் ஈரத் தலையுமாக நின்று நாலு பக்கம், கீழே, மேலே என்று ஆறு திசையையும் கும்பிடுகிறான். ஏனப்பா என்று புத்தர் கேட்டார். அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார் என்றான். புத்தர் கேலி செய்யவில்லை. திசை என்பது மனிதர்கள் என்று விளக்கினார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், மேலே துறவிகள். கீழே? நம்மிடம் வேலை செய்கிறவர்கள்.

அவர்களுக்கு முதலாளி செய்ய வேண்டியதை ஐந்தாகச் சொல்கிறார். பலத்துக்கு ஏற்ற வேலை கொடு. சோறும் கூலியும் கொடு. நோயில் விழுந்தால் பார்த்துக்கொள். ருசியான பண்டம் கிடைத்தால் பங்கு கொடு. நேரமறிந்து ஓய்வு விடு. வேலையாளுக்கும் ஐந்து கடமை உண்டு. அது முதலாளிகளுக்கு மனப்பாடம், நான் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு என்றீர்களானால், நம் நாட்டில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனதே 2023இல்தான்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டில், அதாவது பேர் கூப்பிடும் வரிசையில், நிற்க வேண்டும். காய்ச்சலென்று படுத்தால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. அந்தப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இன்று சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். அப்படி ஒரு கடையில், பெயர் வேண்டாம், சாயங்காலம் நாலு மணிக்குக் கை கழுவப் பின்பக்கம் போனேன். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பங்களாதேஷ் பையன், நின்றபடியே, ஆறிப்போன சோற்றில் சாம்பாரை ஊற்றி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் நண்டுப் பிரட்டல். கூலியைச் சட்டம் கேட்கும், லீவையும் கேட்கும். அந்த நாலாவது கடமையை யார் போய்க் கேட்பது? அந்த நண்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நானும் கை கழுவப் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, வெளியே இலை போட்டாகிவிட்டது. பரிமாறுகிற பிள்ளைகளும் நம் பந்தியிலேயே உட்காரட்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.