காற்று பிறக்கும் ஊரின் நெடியவர்

நேயர்களுக்கு வணக்கம். 2018 பிப்ரவரி 6 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் ஆட்டமொன்றில், மில்வாக்கி அணியின் யானிஸ் அன்டெட்டோகும்போவின் தலைக்கு மேலாக எழும்பிப் பந்தை வளையத்துக்குள் அறைந்த இளைஞர் ஒருவர், கீழே இறங்கும்போது கால் பிசகி விழுந்து, இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். பந்து கூடைக்குள் விழுந்தது, கூடவே முழங்காலின் தசைநாரும் அறுந்தது. அவர் மீண்டும் ஒரு லீக் ஆட்டத்தில் இறங்க ஏறக்குறைய 20 மாதங்கள் பிடித்தன.

அவர்தான் லாத்வியாவின் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ். பால்டிக் கடலோரத்தில், காற்று பிறக்கும் ஊர் என்று லாத்வியர்கள் அழைக்கும் லியபாயாவில் 1995இல் பிறந்தவர். ஏழடியைத் தாண்டிய உயரம். ஏழடிக்காரர் என்றாலே கூடையின் அடியில் நின்று காவல் காப்பவர் என்றுதான் நாம் எண்ணிக்கொள்கிறோம். இவரோ மூன்று புள்ளிக் கோட்டுக்கு, அதாவது அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோட்டுக்கு, வெகுவாக வெளியே நின்றும் மெல்லிய மணிக்கட்டு அசைவில் பந்தை அனுப்பிவிடுவார். எதிரணியின் நெடிய காவலர் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும், வந்தால் உள்ளே வழி திறந்துவிடும். இவருடைய மதிப்பெல்லாம் இந்தச் சிக்கலை எதிராளிக்கு உண்டாக்குவதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

பதின்வயதில் ஸ்பெயினின் செவில்லா சங்கத்துக்குப் போனவர், அங்கே இரத்தசோகையால் சோர்ந்து அவதிப்பட்டார். 2015இல், லீக் அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நியூயார்க் நிக்ஸ் அணி அவரை நான்காவது தேர்வாக அழைத்தபோது ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். தேம்பி அழுத நிக்ஸ் ரசிகச் சிறுவன் ஒருவனைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. சில மாதங்களிலேயே அதே ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தார்கள். காயத்துக்குப் பின் 2019இல் டல்லாஸ், 2022இல் வாஷிங்டன், 2023இல் பாஸ்டன் என்று அணிகள் மாறின.

2024 ஜூன் 6. என்பிஏ இறுதித் தொடரின் முதல் ஆட்டம். எதிரே அவருடைய பழைய அணியான டல்லாஸ். கெண்டைக்கால் காயத்தால் ஐந்து வாரங்களுக்கு மேல் ஆடாதிருந்தவர், மாற்று வீரராக இறங்கி 21 நிமிடங்களில் 20 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆட்டத்திலேயே கணுக்காலருகே மறுபடி காயம். இரண்டு ஆட்டங்களை வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டு, கோப்பையைத் தீர்மானித்த ஐந்தாம் ஆட்டத்தில் சிறிது நேரம் ஆடினார். பாஸ்டன் தன் 18ஆவது பட்டத்தை வென்றது.

அவருடைய நாட்டு அணியின் கதையில் ஒரு முரண் உண்டு. 1935இல் ஜெனீவாவில் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற லாத்வியா, அண்மைக் காலத்தில் உலகை வியக்க வைத்தது 2023 உலகக் கோப்பையில்தான். ஐந்தாம் இடம் பிடித்த அந்த அணியில் காயம் காரணமாக போர்சிங்கிஸ் இல்லை. 2025இல் ஐரோப்பியப் போட்டி ரீகாவுக்கே வந்தபோது அவர் சொந்த மக்கள் முன்னால் ஆடினார். முதல் வெளியேற்றச் சுற்றிலேயே அண்டை நாடான லிதுவேனியா அவர்களை வீட்டுக்கு அனுப்பியது.