பிராட்பேண்ட் மாத்தப் போறீங்களா? பழைய மெயிலை முதல்ல பாருங்க

[திரையில்: ரூட்டரில் மினுக்கும் பச்சை விளக்கு]

வணக்கம். பிராட்பேண்ட் கம்பெனியை மாத்தறது பெரிய வேலை இல்லை. ஆள் வந்து ஃபைபர் இழுப்பார், பெட்டியை மாட்டுவார், வைஃபை பாஸ்வேர்டு கொடுத்துட்டுப் போயிடுவார். சிக்கல் எல்லாம் பழைய கம்பெனி கூடவே கொடுத்த மெயில் ஐடியிலயும் லேண்ட்லைன்லயும்தான்.

லேண்ட்லைன் நம்பரைப் பல நாடுகள்ல உங்களோட எடுத்துட்டுப் போகலாம். மெயில் ஐடியை முடியாது. ‘அட்’ குறிக்குப் பின்னாடி இருக்கற பேரு கம்பெனியோட சொத்து. நாம அதுல குடியிருந்தோம், அவ்வளவுதான். கனெக்‌ஷனை விட்டதும் சில கம்பெனிங்க கொஞ்ச நாள் விட்டுவைக்கும், சிலது காசு கேக்கும், சிலது மூடிடும்.

[திரையில்: இன்பாக்ஸ், தேடல் பெட்டி]

நான் மாத்தினப்போ பேங்க், இன்ஷூரன்ஸ் எல்லாத்துலயும் புது ஐடி கொடுத்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு, ஃபோட்டோ சேர்த்து வெச்சிருந்த பழைய அக்கவுண்ட்டைத் திறக்கப் போறேன், பாஸ்வேர்டு மறந்துபோச்சு. “உங்க மெயிலுக்கு லிங்க் அனுப்பியிருக்கோம்”னு வருது. எந்த மெயிலுக்கு? மூடிப்போன மெயிலுக்கு!

அதனால ஞாபகத்தை நம்பாதீங்க. பழைய இன்பாக்ஸ்ல ‘பாஸ்வேர்டு’, ‘வெரிஃபை’, ‘இன்வாய்ஸ்’னு ஒவ்வொண்ணா இங்கிலீஷ்லயும் தேடுங்க. எங்கெங்க அக்கவுண்ட் இருக்குன்னு அதுவே காட்டிக்கொடுக்கும்.

பழைய கடிதங்கள்? ஃபோன்ல தெரியுதேன்னு இருந்துடாதீங்க. ஃபோன்ல மெயில் பாக்க வழக்கமா இருக்கற ஐமேப் முறையில, நீங்க பாக்கறது கம்பெனியோட சர்வர்ல இருக்கறது. அங்க மூடினா இங்கயும் போயிடும். தண்டர்பேர்டு மாதிரி ஒரு மெயில் மென்பொருள்ல ரெண்டு ஐடியையும் போட்டு, பழைய ஃபோல்டர்ல இருக்கறதை எல்லாம் புது ஐடிக்கு காப்பி பண்ணுங்க. நிறைய இருந்தா ராத்திரி முழுக்க ஓடும், ஓடட்டும்.

[திரையில்: சுவரில் பழைய ஃபோன் சாக்கெட்]

இப்போ லேண்ட்லைன். நம்பர் வேணும்னா பழைய கம்பெனிக்கு ஃபோன் போட்டு ‘கட் பண்ணுங்க’ன்னு சொல்லிடாதீங்க. புது கம்பெனிகிட்ட போர்ட் பண்ணச் சொல்லுங்க, அதாவது அதே நம்பரை அவங்க பக்கம் மாத்திக்கச் சொல்லுங்க. முதல்லயே கட் பண்ணிட்டா நம்பரைத் திரும்ப வாங்கறது பெரும்பாடு. நம்பர் புது கம்பெனிக்கு மாறின கையோட பழைய பிராட்பேண்டும் நின்னுடலாம், அதையும் கேட்டுக்கங்க.

இன்னொண்ணு. பழைய செம்புக் கம்பியில எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் வரும். கரண்ட் போனாலும் ஃபோன் அடிக்கறது அதனாலதான். ஃபைபர்ல ஃபோன் ரூட்டர் வழியா ஓடுது. ரூட்டர் அணைஞ்சா டயல் டோன் கிடையாது. வீட்ல வயசானவங்களோ, லேண்ட்லைனை நம்பி ஓடற அலாரமோ இருந்தா, ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு பேட்டரி பேக்கப் வாங்கிடுங்க.

என்னைக் கேட்டா, ஒரு மாசம் ரெண்டு கனெக்‌ஷனுக்கும் காசு கட்டுங்க. வலிக்கும்தான். ஆனா அந்த மாசத்துல பழைய ஐடிக்கு வர்ற ஒவ்வொரு மெயிலும், நீங்க மாத்த மறந்த ஒரு அக்கவுண்ட்.