ரெண்டாவது பாகமா, மறுபடியும் முதலிலிருந்தா?

வணக்கம் நேயர்களே. ரேடியோவில் பேச வரச்சொல்லி அழைத்தபோது, "உங்களுக்குப் பிடித்த விஷயம் எதுவானாலும் பேசலாம்" என்றார்கள். ஆன்மிகம், உடல்நலம், பழைய பாட்டு என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் சொன்னது சூப்பர் ஹீரோ படம். அதிலும் ஒரே ஒரு கேள்வி. ஒரு சூப்பர் ஹீரோ படம் வருகிறது. அது பழைய படத்தின் தொடர்ச்சியா, இல்லை பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்ததா? சீக்வலா, ரீபூட்டா? போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரிங்க, வாங்க" என்றார்கள்.

எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. காலடிப்பேட்டையில், இப்போது மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தப் பக்கம் சிடி வாடகைக் கடை வைத்திருந்தேன். வீட்டுக்கு வீடு டிவிடி பிளேயர் இருந்த காலம். தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் படம் பார்த்து வளர்ந்த கூட்டம் அது. அந்தத் தியேட்டரும் 2020-ல் மூடிவிட்டார்கள். நம்ம பக்கத்து ஜனங்களுக்குத் தமிழ் டப்பிங் என்றால் உயிர். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பதே "இது எத்தனாவது பாகம்ணா?" என்பதுதான். தப்பாகச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிடியோடு வந்து நிற்பார்: "ஒண்ணுமே புரியல, முன்னாடி பாகத்தைக் குடுக்காம இதைக் குடுத்துட்டியே, காசைத் திருப்பிக் குடு." அதனால் ஒவ்வொரு டப்பாவின் முதுகிலும் ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3 என்று எழுதி ஒட்டுவேன். எந்தப் படத்துக்கு எந்த நம்பர் என்பதுதான் தலைவலி.

சும்மா சொல்லவில்லை, நிஜமான தலைவலி. ஸ்பைடர்மேன் 2002, 2004, 2007 என்று மூன்று வந்தது. டோபி மேகுவயர் நடித்தது. ஒன்று, ரெண்டு, மூன்று, பிரச்சினை இல்லை. 2012-ல் இன்னொன்று வந்தது. ஆள் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். நம்ம இர்ஃபான் கானும் அதில் உண்டு. இதற்கு நாலு என்று எழுதுவதா? படத்தைப் போட்டால் மறுபடியும் அந்தப் பையனைச் சிலந்தி கடிக்கிறது, மறுபடியும் பென் சித்தப்பா செத்துப்போகிறார். பத்து வருஷத்துக்குள் அந்த மனுஷனை ரெண்டு தடவை சாகடித்துவிட்டார்கள். அப்படியென்றால் நாலு இல்லை, புது ஒன்று. இது சுலபம்.

சுலபமில்லாதது ஹல்க்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் கிடைத்த பாடம் இங்கேதான் இருக்கிறது. ஹல்க் என்றால், கோபம் வந்தால் பச்சை ராட்சதனாக மாறிவிடுகிற புரூஸ் பேனர் என்கிற விஞ்ஞானியின் கதை. 2003-ல் ஒரு ஹல்க் வந்தது. ஆங் லீ டைரக்‌ஷன், எரிக் பானா நடித்தது. 2008-ல் இன்னொரு ஹல்க். எட்வர்ட் நார்ட்டன் நடித்தது. ரெண்டாவது படம் கடைக்கு வந்த வாரம், ஒரு மாமாவும் அவருடைய அக்கா பையனும் ஒன்றாக வந்தார்கள். மாமா ஹார்பரில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். பையன் பாலிடெக்னிக். என் மேஜைக்கு முன்னால் நின்று ஆரம்பித்தார்கள்.

மாமா சொன்னார்: "இன்னாடா பேசற நீ? போன படம் எங்க முடிஞ்சுது? தென் அமெரிக்கா காட்டுல. ஜனங்களுக்கு வைத்தியம் பாத்துக்கினு இருந்தான். இந்தப் படம் எங்க ஆரம்பிக்குது? பிரேசில்ல. காட்டுல இருந்து டவுனுக்கு வந்து கூல்டிரிங்க்ஸ் கம்பெனில வேலைக்குச் சேந்துட்டான். அவ்ளோதான். இது ரெண்டாவது பாகம்."

கவனித்தீர்களா நேயர்களே, மாமா சொன்னதில் தப்பே இல்லை. 2008 படத்தில் புரூஸ் பேனர் உண்மையிலேயே பிரேசிலில் ஒளிந்துகொண்டு, குளிர்பானத்தைப் பாட்டிலில் அடைக்கிற தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறார். மூச்சை அடக்கிக் கோபத்தை அடக்கப் பழகுகிறார். அவருடைய ஒரு சொட்டு ரத்தம் பாட்டிலில் விழுந்துவிட, அங்கிருந்துதான் வினை ஆரம்பிக்கிறது.

பையன் விடவில்லை. "மாமா, பேரு போடறப்ப நீ எங்க இருந்த? அப்பவே பழைய கதையை மாத்திட்டாங்க. போன படத்துல லேப்ல ஒருத்தனைக் காப்பாத்தப் போய் மாட்டினான். அவங்கப்பன் செஞ்ச ஆராய்ச்சி வேற உடம்புல இருந்துச்சு. இதுல அதெல்லாம் கிடையாது. நாற்காலில உக்காந்து தன்மேலயே சோதனை பண்ணிக்கிறான். அப்பனே வரல. வேற கதை மாமா இது."

பையன் சொன்னதும் சரி! டைட்டில் ஓடுகிற அந்த ரெண்டு மூன்று நிமிஷத்துக்குள் பழைய விபத்தைத் தூக்கிவிட்டுப் புது விபத்தை வைத்துவிட்டார்கள். கூல்டிரிங்க்ஸ் கம்பெனியைப் பார்த்தால் தொடர்ச்சி, டைட்டிலைப் பார்த்தால் ஆரம்பம். இன்னொரு விஷயம், 2003 படத்தை எடுத்தபோது மார்வெல் சொந்தமாகப் படம் தயாரிக்கவில்லை. 2008-ல் அவர்களே கம்பெனி வைத்து, மே மாதம் அயர்ன் மேன், ஜூன் மாதம் இந்த ஹல்க் என்று வரிசையாக இறக்கினார்கள். ஹல்க் படத்துக் கடைசியில் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் பாருக்குள் நடந்து வருகிறாரே, அது அதற்காகத்தான். பழைய ரசிகனும் வரவேண்டும், புதுக் கணக்கும் திறக்க வேண்டும். ரெண்டு குதிரையில் சவாரி.

சண்டை முற்றியபோது மாமா ஒன்று கேட்டார். எனக்கு இன்றைக்கும் அதுதான் அளவுகோல். "டேய், காண்ட்ராக்டர் மாறினா எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான். பழைய சர்வீஸ் சேருமா, சேராதா? சேந்துதுன்னா அதே வேலை. சேரலன்னா புது ஆளு. இந்தப் பேனருக்குப் பழைய சர்வீஸ் சேருதா?"

பையன் யோசித்துவிட்டு, "சேரல மாமா. முந்தின படத்துல நடந்த ஒண்ணைப் பத்தியும் இவன் வாயே திறக்கல" என்றான். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஸ்கெட்ச் பேனாவைத் திறந்து அந்த டப்பாவில் மறுபடியும் "1" என்று எழுதினேன். மாமா அப்புறம் ரொம்ப நாள் அந்தப் படத்தைக் கேட்கும்போதெல்லாம் "அந்த ரெண்டாவது பாகம் குடு" என்றுதான் கேட்பார். நானும் எடுத்துக் கொடுப்பேன்.

மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. திரும்பவும் சொல்கிறேன், மூஞ்சி மாறினால் ரீபூட் என்று நினைத்துவிடாதீர்கள். அதே நார்ட்டன் 2012-ல் அவெஞ்சர்ஸ் வந்தபோது இல்லை. மார்க் ரஃபலோ வந்துவிட்டார். ஆனால் கதைக்குள் ஆள் ஒன்றுதான், பழைய சர்வீஸ் சேர்ந்துவிட்டது. 2008 ஹல்க்கில் பேனரைத் துரத்துகிற ஜெனரல் ராஸாக வந்த வில்லியம் ஹர்ட் காலமானபிறகு 2025-ல் ஹாரிசன் ஃபோர்டு அதே ராஸாக வந்தார். முகம் வேறு, சர்வீஸ் அதே.

பேட்மேன் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1989, 92-ல் மைக்கேல் கீட்டன். 95-ல் வால் கில்மர். 97-ல் ஜார்ஜ் குளூனி. மூன்று முகம். ஆனால் நாலு படத்திலும் வீட்டில் கதவைத் திறக்கிற ஆல்ஃப்ரெட் ஒரே ஆள்தான், மைக்கேல் கஃப். அதைப் பார்த்துத்தான் கடைக்கு வருகிற பையன்கள் ஒரு விதி செய்துவைத்திருந்தார்கள்: "ஹீரோவைப் பாக்காத, வேலைக்காரரைப் பாரு." 2005-ல் பேட்மேன் பிகின்ஸ் வந்தபோது ஆல்ஃப்ரெட் மைக்கேல் கெய்ன். விதிப்படி புதுக்கணக்கு, நிஜத்திலும் புதுக்கணக்கு. அருமையான விதி. ஆனால் 2019-ல் அதற்கு வேட்டு வைத்துவிட்டார்கள். டோபி மேகுவயர் காலத்தில் ஸ்பைடர்மேனைத் திட்டிக்கொண்டே இருந்த பத்திரிகை ஆசிரியர் ஜேம்சன், அதே ஜே.கே. சிம்மன்ஸ், டாம் ஹாலண்ட் ஸ்பைடர்மேனிலும் வந்து திட்டுகிறார். முகம் அதே, ஆள் வேறு. மாமாவின் கேள்வியைக் கேட்டால் இதுவும் தெளிந்துவிடும். இந்த ஜேம்சனுக்கு அந்தப் பழைய பையனைத் தெரியுமா? தெரியாது. முடிந்தது.

மாமா கேள்விக்குக் கஷ்டமான பரீட்சை 2006-ல் வந்த சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ். கிறிஸ்டோஃபர் ரீவ் நடித்த பழைய படங்கள் நாலு: 1978, 80, 83, 87. அதற்குப் பத்தொன்பது வருஷம் கழித்துப் பிராண்டன் ரூத் என்ற புது ஆள். அஞ்சு வருஷம் ஊரில் இல்லாமல் இருந்து திரும்பி வருகிறார் சூப்பர்மேன். அவர் காதலி லோயிஸ் லேனுக்குக் கையில் ஒரு பிள்ளை. அப்பா குரலாகக் காலமாகிவிட்ட மார்லன் பிராண்டோவைப் பழைய காட்சிகளிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். முதல் ரெண்டு படத்துச் சர்வீஸ் சேரும். மூணும் நாலும் சேராது, நடக்கவே இல்லை என்கிற மாதிரி விட்டுவிட்டார்கள். நான் அந்த டப்பாவில் என்ன நம்பர் எழுதுவது, சொல்லுங்கள்? எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனால் வாடகைக்குப் போகவே இல்லை. 78-ல் வந்ததைப் பார்த்தவர்கள் டிவிடி எடுக்க வருகிற வயசைத் தாண்டிவிட்டார்கள், எடுக்க வருகிற பையன்களுக்கு அந்தப் பிள்ளை யாருடையது என்று புரியவில்லை.

இடையில் ஒன்று. லயன் காமிக்ஸ் படித்த பெரியவர்கள் சிலர் வந்து, "ஸ்பைடர்னு போட்டிருக்கியே, நம்ம ஸ்பைடரா?" என்பார்கள். அவர் பிரிட்டன் காமிக்ஸ் ஆள், ஆரம்பத்தில் குற்றவாளி. இந்தப் பையனுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இரும்புக்கை மாயாவி படம் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். அது வேறு ஏக்கம், இப்போது வேண்டாம்.

ரீபூட் என்றால் முதலிலிருந்து கதை சொல்லியே ஆகவேண்டும் என்றும் இல்லை. டாம் ஹாலண்ட் 2016-ல் அறிமுகமானபோது சிலந்தி கடிக்கிறதைக் காட்டவில்லை. சித்தப்பா இந்தத் தடவை திரையில் சாகாமல் தப்பித்தார். 2025-ல் வந்த சூப்பர்மேன், அவர் வேலைக்கு வந்து மூணு வருஷம் ஆனபிறகு, முதல் தடவையாகத் தோற்று விழுகிற இடத்தில் ஆரம்பிக்கிறது. புதுக்கணக்குத்தான், ஆனால் நடுப்பக்கத்தில் திறக்கிறார்கள். நமக்கு முன்கதை தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். 2021-ல் நோ வே ஹோம் படத்தில் மூன்று ஸ்பைடர்மேனும் ஒன்றாக நின்றார்களே, ஒவ்வொருவனும் அவனவன் பட்ட பாட்டை நினைவு வைத்திருந்தான். மூன்று பேருக்கும் தனித்தனிச் சர்வீஸ், அப்படியே செல்லும். அது வரைக்கும் 2012 படம் 2002-ஐ அழித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எதுவும் அழியவில்லை என்று ஆனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். நம்ம தமிழ்ப் படத்துக்குத்தான் பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் வந்த 2.0, சந்தேகமே இல்லை, தொடர்ச்சி. எந்திரனில் பிரித்துப்போட்ட சிட்டியைத்தான் வசீகரன் மறுபடி கோர்க்கிறார். பில்லா 1980-ல் வந்தது, 2007-ல் எடுத்தது ரீமேக், 2012-ல் வந்த பில்லா 2 அந்த ரீமேக்குக்கு முன்கதை. ரஜினி பில்லாவோடு அதற்குச் சர்வீஸ் கிடையாது. 1986 விக்ரமுக்கும் 2022 விக்ரமுக்கும் உள்ள கணக்கைப் பேச இன்னொரு நாள் கூப்பிடுங்கள், அதில் கைதி வேறு வருகிறது. காஞ்சனா மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2011-ல் வந்தபோது முனி 2 என்றே பேர் போட்டார்கள், ஆனால் கதாபாத்திரமும் வேறு, கதையும் வேறு. அப்புறம் ரெண்டு, மூணு என்று நம்பர் போட்டுக்கொண்டே போனார்கள். உடம்புக்குள் பேய் புகுந்து அத்தனை ரௌடியையும் அடித்த மனுஷன், அடுத்த பாகத்தில் ராத்திரி பாத்ரூம் போக அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுகிறான். ஒரு நாள் சர்வீஸ்கூடச் சேரவில்லை. என் கடை இன்னும் இருந்திருந்தால் எல்லா டப்பாவிலும் "1" என்றுதான் எழுதியிருப்பேன். நேரம் முடிந்தது. வணக்கம்.