ஏசியிலிருந்து வெளியே வந்ததும் ஏன் ஃபோகஸ் பிடிக்கவில்லை?

சரி, அடுத்த கேள்வி வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர். ஹோட்டல் அறையில் பொம்பிளை வெளிக்கிடும் வரை கமரா நன்றாக வேலை செய்கிறதாம். வாசலுக்கு வந்து மாப்பிள்ளையை எடுக்கப் போனால் லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுகிறதாம், பிடிக்காதாம். அரை மணித்தியாலத்தில் தானாகவே சரியாகிவிடுமாம். "லென்ஸ் மோட்டரை மாற்ற வேண்டுமா அண்ணா?" என்று கேட்கிறார்.

அந்தத் 'தானாகவே' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன். பழுதான மோட்டர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது, தம்பி. கண்ணாடியில் ஆவி படிகிறது, அவ்வளவுதான்.

நெக்டோ சோடாப் போத்தல் கதையைப் பழைய ஆட்கள் கேட்டுச் சலித்திருப்பீர்கள். பரவாயில்லை, இன்னொரு தரம். பிரிஜ்ஜிலிருந்து எடுத்த போத்தல் மேசையில் வியர்க்கிறதே, அந்தத் தண்ணீர் உள்ளேயிருந்து வரவில்லை, கொழும்புக் காற்றிலிருந்து வருகிறது. இங்கே பெரும்பாலான நாட்களில் 23, 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் படியும். ஹோட்டல் அறையில் ஏசி 18. அங்கே 2 மணித்தியாலம் கிடந்த உங்கள் லென்ஸும் ஒரு நெக்டோ போத்தல்தான்.

ஓட்டோ ஃபோகஸ் தேடுவது விளிம்பை. சேலைக் கரை, கண் இமை, இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற கோடு. ஆவி படிந்தால் கோடு கரைந்துபோகும். மோட்டர் பாவம், இல்லாத கோட்டைத் தேடி ஓடுகிறது. வெயிலிலிருந்து ஏசிக்குள் போகும்போது இந்தக் கரைச்சல் இல்லை, சூடான கண்ணாடியில் ஆவி படியாது.

அதனால் அறையை விட்டு வெளிக்கிட முதலே, அந்தக் குளிருக்குள்ளேயே, கமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடுங்கள். படிகிற தண்ணீர் பையின் வெளிப்புறத்தில் படியட்டும். கமரா சூடாகும் வரை திறக்காதீர்கள். பெரிய லென்ஸ் என்றால் ஒரு மணித்தியாலம்கூட ஆகும். மாப்பிள்ளை அவ்வளவு நேரம் நிற்க மாட்டார், தெரியும். இரண்டாவது கமரா இருந்தால் அதை ஏசி இல்லாத இடத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவிலிருந்து இறங்கி, வழி முழுக்க கார் ஏசி, நேரே காலிமுகத்திடல். சூரியன் மறைகிற நேரம். எடுத்தால் எல்லாம் பால் ஊற்றினது போல. முன் கண்ணாடியைச் சேர்ட்டால் துடைத்தேன், திரும்பவும் பால். பின் கண்ணாடியாக இருக்கும் என்று லென்ஸைக் கழற்றினேன். ஈரக்காற்று உள்ளே போய், படம் பதிகிற சென்சரிலும் ஆவி படிந்துவிட்டது. அன்றைக்குக் கிடைத்தது இறால் வடை மட்டும். பையைத் திறக்காதீர்கள், லென்ஸைக் கழற்றாதீர்கள் என்று நான் ஓயாமல் கத்துவது இதனால்தான்.

ஒரு மணித்தியாலம் கழிந்தும் பிடிக்காவிட்டால் முதலில் லென்ஸின் பக்கத்திலுள்ள ஏஎஃப் (ஓட்டோ ஃபோகஸ்) சுவிட்சைப் பாருங்கள், பைக்குள் தட்டுப்பட்டு மாறியிருக்கும். பிறகு, கமரா சூடாகிவிட்டதால் இப்போது லென்ஸைக் கழற்றலாம், அது கமராவோடு சேருமிடத்திலுள்ள பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகுதான் திருத்துகிற கடை.

ஆனால் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கலியாணம் முடிந்த இரவு கமரா எங்கே தூங்குகிறது? கடைசி வரியில் எழுதியிருக்கிறார்: தோல் உறைக்குள், அலுமாரியில். ஈரத்தோடு, இருட்டில்! பூஞ்சணம் கேட்பதே அதைத்தான். சிலந்தி நூல் போல கண்ணாடியில் ஓடும். இறுக்க மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் நீலச் சிலிக்கா ஜெல், இரண்டும் போதும். ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். அம்மாவின் அரிசி டின்னுக்குள் மட்டும் போட வேண்டாம், அரிசித் தூள் லென்ஸின் சுழலும் வளையத்துக்குள் போய்விடும்.