வான்கதவு யார் கையில்?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். 'கந்தோரில் நம்மைத் திணறடிப்பது தகவலா, நாமா?' இதுதான் தலைப்பு. நாமேதான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார், கைதட்டும் வாங்கினார். "மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்தில் மேலதிக நீரை வெளியேற்றுகிற வான்கதவைத் திறந்தால், கீழே இருக்கிற வவுணதீவுக்காரன் வெள்ளத்தோடு வாதாடுவானா? வட்ஸ்அப்பும் அப்படித்தான்" என்றார். ஐயா, எனக்கு வேண்டியதை நீங்களே எடுத்துத் தந்துவிட்டீர்கள்! வான்கதவு தானாகத் திறக்குமா? நீர்ப்பாசனக் கந்தோர்க்காரர் நீர்மட்டம் பார்த்து, இத்தனை கதவு, இத்தனை அடி என்று அறிவித்துவிட்டுத்தான் திறக்கிறார். நம்ம குறூப்பிலும் கதவு இருக்கிறது. அட்மின்தான் அதைத் தொடுவதில்லை.

ஒரு கந்தோர்க் கதை சொல்றன், பேர் வேண்டாம். குறூப்பின் பேர் 'மிக அவசரம்'. காலை 10.30க்கு ஒரு கடிதத்தின் போட்டோ வந்து விழுகிறது: பட்டியல் பின்னேரம் 3 மணிக்குள் வேணுமாம். எடுத்தவர் திகதி இருந்த ஓரத்தை வெட்டிப்போட்டார். கீழே 'நன்றி சேர்', மறுபடி 'நன்றி சேர்', கும்பிடுற கை, தாமரைப்பூவோடு 'இனிய காலை வணக்கம்'. மறுகா ஒருவர் கேட்கிறார்: "எந்தப் பட்டியல்?" இன்னொருவர்: "மேல பாருங்கோ." மேலே போனவர் பூவைத் தாண்டி, கையைத் தாண்டி, நேற்றைய பிறந்தநாள் கேக் வரைக்கும் போய்விட்டார்! கேக்குக்கு ஒரு வாழ்த்தும் போட்டுவிட்டுக் கீழே வந்து கேட்கிறார்: "எந்தப் பட்டியல்?" மேலதிகாரி ஜீப்புக்குள் இருந்து 4 நிமிசம் பேசி அனுப்புகிறார், அதில் பாதி ஹோர்ன் சத்தம். எல்லாரும் விழுந்தடித்துப் பட்டியலைக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, கடிதம் போன வருசத்தது!

இதில் வட்ஸ்அப்பின் குற்றம் எது? குறூப் செட்டிங்கில் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றினால் பூவும் கேக்கும் அன்றோடு சரி. போட்டோவையும் குரலையும் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு, அதனால் கடித இலக்கம், விடயம், கடைசித் திகதி மூன்றையும் கீழே எழுத்தில் தட்டவேணும். தட்டியதைக் குறூப்பின் உச்சியில் 7 நாளைக்குக் குத்தி (pin) வைக்கலாம். மின்னஞ்சல் என்றால், தலைப்பின் முதல் சொல்லே 'செய்க' அல்லது 'அறிக' என்று இருக்கட்டும். நமக்குப் பிரதி மட்டும் வருகிறவை தானாகத் தனி ஃபோல்டருக்குப் போக ஒரு விதி போட்டுவிட்டு, பின்னேரம் ஒருதரம் பார்த்தால் போதும். ஒன்றில் மட்டும் கவனம்: வெள்ளம், சூறாவளி அறிவித்தலையும் இதே குறூப்பில் போட்டால், மியூட் பண்ணியவருக்கு அது உடனே தெரியவராது. அதற்குத் தனிக் குறூப் வேணும், கூடவே போன் எடுத்தும் சொல்லவேணும்.

செட்டிங்கை விடுங்கோ. மண்டூரில் விடிய எழும்பி, வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையேறிக் குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு வந்து நிற்கிற ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கோ. கையில் பொலித்தீன் பைக்குள் புருசனின் மரணச் சான்றிதழ். முன்னால் இருக்கிறவர் குனிந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். "தம்பி" என்கிறா. "கொஞ்சம் பொறுங்கம்மா, மெசேஜ் ஒண்டு வந்திருக்கு." பிறகும் "தம்பி" என்கிறா. அவர் நிமிரவில்லை. பொழுதுபட முன்னம் அவ திரும்பவும் பாதையடிக்குப் போகவேணும். எதிரணித் தலைவரே, நம்மட அம்மாவை இப்படி ஒருத்தன் நிக்க வச்சா நாம பொறுப்பமா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.